கே.இ.எஃப். எல்.எஸ்.50 மெட்டா ஸ்பீக்கருக்கு எத்தனை வாட் ஆம்ப்ளிஃபயர் வாங்க வேண்டும்?

உங்கள் அறை 12-க்கு 14 அடி, ஸ்பீக்கரிலிருந்து 3 மீட்டர் தள்ளி உட்கார்வீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது போதும், கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

இந்த ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 85 டெசிபல். 2.83 வோல்ட் கொடுத்தால் (8 ஓம் மின்தடையில் அது 1 வாட்) 1 மீட்டரில் 85 டெசிபல் கேட்கும். திறந்தவெளியில் 3 மீட்டர் போவதற்குள் 9.5 டெசிபல் இழக்கும். இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்ந்து பாடுவதாலும் சுவர்களில் பட்டுத் திரும்புவதாலும் ஏறத்தாழ 5 டெசிபல் மீண்டும் கிடைக்கும். ஆக, உங்கள் இருக்கையில் 1 வாட்டுக்கு 80 டெசிபல். வீட்டில் இதுவே நல்ல சத்தம்தான்.

ஆனால் தவிலின் ஓர் அடி, மிருதங்கத்தின் ஒரு சாப்பு, அந்தச் சராசரியைத் தாண்டி 15 முதல் 18 டெசிபல் வரை எகிறும். 15 டெசிபலுக்கு 32 வாட், 18 டெசிபலுக்கு 63 வாட் வேண்டும். மரான்ட்ஸ் பி.எம்.6007 (8 ஓமில் 45 வாட்) இதை ஓரளவு சமாளிக்கும். யமஹா ஏ-எஸ்501 (85 வாட்) வசதியாகவே சமாளிக்கும். வாட் கிட்டத்தட்ட இரட்டிப்பானாலும் இரண்டுக்கும் இடையே சத்தத்தில் வித்தியாசம் 3 டெசிபல்கூட இல்லை. 85-க்குப் பதில் 100 வாட் கிடைக்கிறதே என்று அதிகப் பணம் கொடுப்பது வீண்.

வாட்டைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஓம். 8 ஓம் என்று போட்டிருந்தாலும் இந்த ஸ்பீக்கர் சில அதிர்வெண்களில் 3.5 ஓம் வரை இறங்கும். அந்த இடத்தில் ஆம்ப் இரண்டு மடங்குக்கு மேல் கரன்ட் கொடுத்தாக வேண்டும். பவர் சப்ளை திடமாக இருந்தால் 8 ஓமில் கிடைக்கும் வாட் 4 ஓமில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பி.எம்.6007-இல் 45 வாட் 60 ஆகிறது, 90 ஆகவில்லை. அளவாகக் கேட்பவருக்கு அது குறையில்லை. சத்தமாகக் கேட்பவர் என்றால், 8 ஓமில் 60, 4 ஓமில் 90 வாட்டுக்குக் குறையாத ஆம்பைத் தேடுங்கள். இதே காரணத்தால் 'ஏ+பி' சுவிட்சைப் போட்டு இன்னொரு ஜோடி ஸ்பீக்கரையும் சேர்த்து ஓட்டாதீர்கள். ஓம் பாதியாகி ஆம்ப் சூடேறி அணைந்துவிடும்.

'பி.எம்.பி.ஓ.' (கணநேரம் மட்டும் எட்டுவதாகச் சொல்லும் உச்ச வாட்) என்று எழுதியிருந்தால் அந்த எண்ணைப் பொருட்படுத்தவே வேண்டாம். ஆர்.எம்.எஸ். வாட்டிலும் (தொடர்ந்து தரக்கூடிய வாட்) இடம், வலம் என்ற இரண்டு சேனலும் சேர்ந்து ஓடும்போது, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, எத்தனை சதவீதச் சிதைவில் அளந்தது என்று பாருங்கள். 10 சதவீதச் சிதைவில் அளந்த வாட் காதுக்கு உதவாது. ஆன்லைனில் விற்கும் குட்டி கிளாஸ் டி (அதிகம் சூடாகாத வகை) ஆம்ப்களில் '300+300' என்று இருக்கும். கூடவே வரும் அடாப்டரைப் பாருங்கள்: 32 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் மொத்தமே 160 வாட். அந்த 32 வோல்ட்டில் 8 ஓமுக்கு ஒரு சேனலில் 64 வாட்டுக்கு மேல் எப்படியும் வராது. அந்த 64 மோசமில்லை, பெட்டியில் போட்டிருக்கும் 300தான் பொய்.

சிறிய ஆம்ப் ஸ்பீக்கரை எரிக்காது என்று நம்பாதீர்கள். சக்தி தீர்ந்தபின்னும் வால்யூமை ஏற்றினால் அலையின் உச்சி தட்டையாகி, ட்வீட்டருக்கு (உயர் அதிர்வெண் ஒலியைத் தரும் சிறு பகுதி) போகும் சக்தி பெருகும். முதலில் கருகுவது அதுதான். குரல் கரகரத்தால் உடனே வால்யூமைக் குறையுங்கள்.

கேபிளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு போதும். 3 மீட்டருக்குப் போகவர 0.07 ஓம்தான் வரும். ஆம்பின் மேலே 10 சென்டிமீட்டராவது காற்றோட்டம் விடுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால் பின்பக்கம் வோல்ட்டேஜைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஜப்பான் உள்நாட்டு மாடல் 100 வோல்ட், அமெரிக்க மாடல் 120 வோல்ட். நேராக நம் 230 வோல்ட்டில் செருகினால் ஃப்யூஸோடு நிற்காமல் டிரான்ஸ்ஃபார்மரும் போகலாம். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.