டாம் சாயரின் புதையல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மார்க் ட்வைனின் 'டாம் சாயரின் சாகசங்கள்' நாவலில் டாமும் ஹக்கும் 12,000 டாலர் தங்கத்தைக் குகையிலிருந்து வெளியே கொண்டுவருகிறார்கள். சின்னப் பையன்களால் முடிகிற காரியமா இது?

பதில்: முடியும். பெட்டி சுமார் 50 பவுண்டு எடை என்கிறது நாவல், அதாவது 22.7 கிலோ. அந்தக் காலத்து அமெரிக்கப் பத்து டாலர் தங்க நாணயம் ஏறக்குறைய 16.7 கிராம். பெட்டியில் இருந்ததெல்லாம் அதுதான் என்று வைத்துக்கொண்டால் 1,200 நாணயம், 20 கிலோ. மிச்சம் இரண்டரைக் கிலோ, இரும்புப் பட்டை அடித்த பெட்டிக்குச் சரியாகப் போய்விடும். எழுதியவர் தராசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினாரோ என்னவோ!

பெட்டியை டாமால் தூக்க முடிகிறது, சுமந்துகொண்டு நடக்கத்தான் முடியவில்லை. பேய் வீட்டில் திருடர்கள் அதைத் தூக்கியபோதே கனமான பெட்டி என்று கவனித்துவிட்டவன் அவன். அதனால் சின்னப் பைகளைக் கையோடு எடுத்து வந்திருக்கிறான். தங்கம் பைக்கு மாறிவிட்டால் ஆளுக்குப் பத்துக் கிலோதான். ஊருக்குள் வந்ததும் ஒரு சின்ன இழுவண்டியில் இரண்டு மூட்டையையும் போட்டு, மேலே பழந்துணியை மூடி இழுத்துப் போகிறார்கள்.

கேள்வி: என் மகள் படித்த சுருக்கப் பதிப்பில் பாறையில் சிலுவைக் குறி இருக்கிறது, அதன் அடியில் தோண்டியதும் புதையல் கிடைத்துவிடுகிறது. மூலத்திலும் அப்படித்தானா?

பதில்: இல்லை. நாவலின் மிக நல்ல இடம் ஒன்றைச் சுருக்கியவர் தின்றுவிட்டார். சிலுவை, பெரிய பாறை ஒன்றில் மெழுகுவத்திப் புகையால் வரைந்தது. அதைப் பார்த்த பிறகும் பையன்கள் வெகுநேரம் தேடுகிறார்கள், ஒன்றும் அகப்படவில்லை. அலுத்துப்போய் உட்கார்ந்திருக்கும்போதுதான் டாமுக்கு ஒன்று உறைக்கிறது. பாறையின் ஒரு பக்கத்துக் களிமண்ணில் மட்டும் காலடித் தடமும் மெழுகுச் சொட்டும் இருக்கின்றன, மற்றப் பக்கங்களில் இல்லை. ஒரே பக்கத்தில் மெழுகு சொட்டியிருக்கிறது என்றால் அங்கே யாரோ வெளிச்சத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் வேலை பார்த்திருக்க வேண்டும். பேனாக்கத்தியால் தோண்டுகிறான், நாலு அங்குலம் போவதற்குள் பலகை தட்டுகிறது.

கேள்வி: குகைக்கு இன்னொரு வழி இருந்தும் புதையலை அங்கே ஒளித்துவைத்த திருடன் ஜோ ஏன் உள்ளே பட்டினி கிடந்து சாகிறான்?

பதில்: அப்படி ஒரு வழி இருப்பது அவனுக்குத் தெரியாது என்றுதான் கொள்ள வேண்டும். முன்பு குகைக்குள் வழி தொலைத்துத் தவித்தபோது டாமுக்கே அது தெரிந்தது பட்டத்து நூலின் உபயத்தால். நூலின் ஒரு முனையைக் கட்டிவிட்டு, நூல் எட்டும் தூரம்வரை இரண்டு பாதைகளில் போய்ப் பார்த்துத் திரும்புகிறான். மூன்றாவது பாதையில் நூல் தீருகிற இடத்தில், தூரத்தில் பொட்டு வெளிச்சம். அந்தத் துவாரம் வாசலிலிருந்து 5 மைல் தள்ளி ஆற்றோரப் புதருக்குள் இருக்கிறது. பக்கத்திலேயே நின்று தேடும் ஹக்கின் கண்ணுக்குக்கூட அது படவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஜோ புதையலை வைத்த இடம் அந்தத் துவாரத்தின் பக்கம்தான்.

வாசல் கதவுக்கு நீதிபதி தாட்சர் கொதிகலன் இரும்புத் தகடு அடித்து மூன்று பூட்டுப் போட்டுவிடுகிறார். உள்ளே ஆள் இருப்பது அவருக்குத் தெரியாது. டாமுக்குத் தெரியும், ஆனால் கதவு அடைபட்ட செய்தி அவன் காதுக்கு வரும்போது இரண்டு வாரம் ஓடிவிட்டது.

ஜோ மெழுகுவத்தித் துண்டுகளையும் சில வௌவால்களையும் தின்கிறான். மூன்று நிமிஷத்துக்கு ஒன்றாகப் பாறையிலிருந்து சொட்டும் நீரைக் குடிக்கிறான். ஒரு நாளைக்கு ஒரு சிறு கரண்டி கிடைத்தது என்கிறார் ட்வைன். கணக்குப்படி நாளைக்கு 480 சொட்டு, சொட்டுக்கு 0.05 மி.லி. என்றால் 24 மி.லி., அதாவது அவர் சொன்னதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். அதிலும் யாரும் பிழைக்க முடியாது.

கேள்வி: 12,000 டாலர் அன்றைக்கு எவ்வளவு பெரிய தொகை?

பதில்: ஆளுக்கு 6,000 டாலர், 6 சதவீத வட்டிக்கு விடப்படுகிறது. வருஷத்துக்கு 360 டாலர். ஒரு பையனின் சாப்பாடு, தங்கும் இடம், படிப்பு எல்லாவற்றுக்கும் வாரம் ஒன்றேகால் டாலர் போதும் என்று நாவலே சொல்கிறது. வருஷத்துக்கு 65 டாலர். ஆக, ஹக்கின் வட்டியில் மட்டும் ஐந்து பையன்களை வளர்த்துவிடலாம்.

கேள்வி: அந்தக் குகை நிஜமாகவே இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, மிசௌரி மாநிலத்து ஹானிபல் ஊரில். ட்வைன் வளர்ந்த ஊர் அது. இப்போது குகைக்கு அவர் பெயரே. சுண்ணாம்புப் பாறையில் குறுகலான சந்துகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன, எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால்தான் வழி தப்புகிறது. வழிகாட்டியோடுதான் போக வேண்டும். வெளியே கொளுத்தினாலும் உள்ளே 11 டிகிரி செல்சியஸ்தான், கம்பளிச் சட்டை அவசியம்.

கேள்வி: பத்து வயதுக் குழந்தைக்கு எந்தப் பதிப்பு வாங்கலாம்?

பதில்: முழு நாவலில் 35 அத்தியாயங்களும் ஒரு முடிவுரையும் உண்டு. சுருக்கம்தான் கிடைக்கிறது என்றால், வாங்குமுன் கடைசிப் பகுதியைப் புரட்டுங்கள். வௌவால்களுக்குப் பயந்து ஓடியதில் குறி போடாமல் வழி தொலைவது, பட்டத்து நூல், இரும்புக் கதவு, மெழுகுச் சொட்டு ஆகிய நாலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இவை இல்லாவிட்டால் எல்லாம் அதிர்ஷ்டத்தால் நடந்ததாகத்தான் குழந்தைக்குப் படும்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் இடுகாட்டில் கொலை நடக்கிறது, கூட உட்கார்ந்து படிப்பது நல்லது. ஜோவின் கெட்ட குணத்துக்கு அவனது செவ்விந்திய ரத்தமே காரணம் என்பது போல் எழுதியிருப்பது அந்தக் காலத்துக் கோணல். அதையும் குழந்தையிடம் சொல்லிவிடுங்கள். ஹக்கின் பணத்தைத் தேடி அவன் அப்பன் வருவதைச் சொல்லும் அடுத்த நாவல் அடிமை முறையைப் பற்றியது. அதற்கு இரண்டு மூன்று வருஷம் பொறுக்கலாம்.