எலெக்ட்ரான் டோமோகிராஃபி படித்தால் வேலை கிடைக்குமா?

"மகள் பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம். எலெக்ட்ரான் டோமோகிராஃபிதான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், யார் சார் வேலை தருவார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், இங்கே அதை இளநிலையிலிருந்தே தனிப் பட்டமாகப் படிப்பதில்லை. ஐஐடி ஜாம் என்ற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வை எழுதி, இயற்பியலிலோ மெட்டீரியல் சயன்ஸிலோ எம்.எஸ்சி., அப்புறம் பிஎச்.டி.யில்தான் அது வரும். வழி மாற இன்னும் நிறைய நேரமிருக்கிறது அம்மா.

ஆஸ்பத்திரி சிடி ஸ்கேனின் கணக்குதான் இதற்கும். நானோ துகளை எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்குள் சிறிது சிறிதாகச் சாய்த்து, கோணத்துக்கு ஒரு படமாக எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து முப்பரிமாண உருவம் கட்டுவார்கள். 2017இல் அமெரிக்காவில் இயற்பியலாளர் ஜியான்வெய் மியாவ் குழுவினர் ஒரே துகளில் 6,569 இரும்பு அணுக்களும் 16,627 பிளாட்டினம் அணுக்களும் எங்கெங்கே இருக்கின்றன என்று இப்படித்தான் கண்டார்கள்.

மகள் மனதில் மைக்ரோஸ்கோப் மட்டும்தான் இருக்கும். பாதி வேலை கம்ப்யூட்டரில்தான். மாதிரியைப் பிடித்திருக்கும் ஹோல்டர் மறைப்பதால் பெரும்பாலும் 70 டிகிரியை ஒட்டிச் சாய்ப்பது நின்றுவிடும். விடுபட்ட கோணங்களால், உருண்டையான துகள்கூட எலெக்ட்ரான் பாயும் திசையில் இழுத்துவிட்டதுபோல் நீண்டு தெரியும். அதைச் சரிக்கட்ட லீனியர் அல்ஜீப்ராவும் ஃபூரியர் கணிதமும் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியும் வேண்டும். டோம்விஸ் என்ற இலவச மென்பொருளில் நட்சத்திர வடிவ நானோ துகளின் படங்கள் மாதிரித் தரவாகவே இருக்கின்றன. பாதிக் கோணங்களை நீக்கிவிட்டு உருவம் எப்படிக் கெடுகிறது என்று லீவில் பார்க்கச் சொல்லுங்கள். அலுக்காமல் உட்கார்ந்தால் ஆசை நிஜம்தான்.

சம்பாத்தியம்? பிஎச்.டி.யில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. பிறகு சிப், பேட்டரி நிறுவனங்களின் ஆய்வகங்கள், அரசு ஆராய்ச்சிக்கூடங்கள். பேராசிரியர் பதவியை மட்டும் நம்பி இறங்க வேண்டாம், போட்டி கடுமை. படங்களிலிருந்து உருவம் கட்டும் அதே கணக்கு மருத்துவ ஸ்கேன் துறையிலும் சோறு போடும்.

பெயரில் 'நானோ' இருக்கிறதென்று எந்தக் கோர்ஸுக்கும் பணம் கட்டிவிடாதீர்கள். அந்தத் துறையில் இந்த வேலைக்கான டிரான்ஸ்மிஷன் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் (எலெக்ட்ரானை மாதிரியின் ஊடே செலுத்திப் படமெடுப்பது) சொந்தமாக இருக்கிறதா, மாணவர்களே இயக்கலாமா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று சேரும் முன்பே கேளுங்கள். ஆசிரியரைவிட அங்கே படிக்கும் சீனியரிடம் கேட்டால் உண்மை வரும்.