சூடு இருந்தா போதாது, வழியும் வேணும்

கேள்வி: பூமிக்கு அடியில இருக்கற சூட்டுல கரண்ட் எடுக்கற கிணத்துக்குள்ள ஆசிட் ஊத்துவாங்கன்னு படிச்சேன். இரும்பு பைப்பை அது அரிச்சிடாதா? அதனால என்னதான் லாபம்? - வாசகி, ஈரோடு

பதில்: பாறையையே கரைக்கறதுக்காக ஊத்துறதில்லைங்க. பாறைக்குள்ள மெல்லிசு மெல்லிசா விரிசல் இருக்கும், சுடுதண்ணி அது வழியாத்தான் கிணத்துக்கு வரணும், அது அடைச்சுக்கிட்டா கீழ எவ்ளோ சூடு இருந்தும் நமக்கு பிரயோஜனம் இல்ல.

எது அடைக்குதுன்னு பாத்துட்டுத்தான் ஆசிட்டை முடிவு பண்ணணும், என்னைக் கேட்டா மொத்த விஷயமும் இதுலதான் இருக்கு. தண்ணி மேல ஏறி வரும்போது பிரஷர் குறைஞ்சு கொதிக்க ஆரம்பிக்கற இடத்துல கார்பன் டை ஆக்சைடு பிரிஞ்சு போயிடும், உடனே சுண்ணாம்பு படியும், வீட்டு கீசர் காயில்ல உப்புத்தண்ணிக்கு வெள்ளையா படியுதே அதே சரக்கு. இதுக்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் போதும். ஆனா கிணறு தோண்டறப்ப விட்ட பெண்டோனைட்ங்கற களிமண் சேறு போய் உக்காந்திருந்தாலோ, ஆறின தண்ணியை திருப்பி உள்ள விடுற கிணத்துல சிலிக்கா படிஞ்சிருந்தாலோ அது மட்டும் பத்தாது, ஹைட்ரோஃப்ளோரிக்கும் சேக்கணும். 12 சதவீதம் ஹைட்ரோகுளோரிக், 3 சதவீதம் ஹைட்ரோஃப்ளோரிக்னு கலக்குறதுக்கு மட் ஆசிட்னு பேரு. அவசரப்பட்டு இதை முதல்லயே விட்டா, அங்க இருக்கற கால்சியத்தோட சேந்து கால்சியம் ஃப்ளோரைடா கெட்டியாகி புது அடைப்பு வந்துடும், அதனால முதல்ல வெறும் ஹைட்ரோகுளோரிக் விட்டு சுண்ணாம்பை கழுவிட்டுத்தான் மட் ஆசிட், கடைசியா திரும்ப ஒரு கழுவல்.

பைப் கதை கேட்டீங்கல்ல, அரிக்கும்தான். அரிப்பைத் தடுக்கற மருந்து கலந்துதான் விடுவாங்க, ஆனா ரொம்ப சூட்டுல அந்த மருந்தே செத்துடும். அதனால முன்னாடியே பச்சத்தண்ணியை நிறைய பம்ப் பண்ணி கிணத்தை ஆற வெச்சிடுவாங்க.

பிரான்ஸ்ல அல்சாஸ் பக்கம் சூல்ட்ஸ்னு ஒரு ஊர், அங்க கிரானைட்ல 5 கிலோமீட்டர் ஆழத்துக்கு கிணறு, கீழ சுமார் 200 டிகிரி. மொதல்ல பிரஷரா தண்ணி அடிச்சுத்தான் விரிசலைத் திறந்தாங்க, 2003ல அப்படி அடிக்கறப்ப 2.9 அளவுக்கு நில அதிர்வு வந்து ஜனங்க பயந்து புகார் பண்ணவும் ஆசிட் பக்கம் திரும்பினாங்க. மக்களோட பயத்தை மதிச்சு வழியை மாத்தினாங்களே, எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். அங்க ஜிபிகே4னு பேர் வெச்ச கிணத்துல, ஒரு பார் (அழுத்தத்தை அளக்கற அலகு) பிரஷருக்கு செகண்டுக்கு 0.2 லிட்டர் தண்ணின்னு இருந்தது படிப்படியா 0.5 கிட்ட வந்துச்சு. பக்கத்துலயே இருக்கற ஜிபிகே3ல மட்டும் முன்னேற்றம் கொஞ்சம்தான், ஏன்னா அங்க தண்ணியில பெரும்பகுதி ஏற்கனவே திறந்து கிடந்த ஒரே பெரிய விரிசல் வழியா போயிட்டிருந்துச்சு, அதுல அடைப்புன்னு சொல்ற மாதிரி பெருசா எதுவும் இல்ல.