ஜியான்ட்4 ஓடுகிறது, விடை சரியா? சிமுலேஷன் பிழைகள் பற்றிக் கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஜியான்ட்4 (துகள்கள் பொருளுக்குள் போவதைக் கணினியில் நடத்திப் பார்க்கும் மென்பொருள்) பற்றியவை, கடைசி ஒன்று மட்டும் நிகழ்வு ஜெனரேட்டர் (துகள் மோதல்களைக் கணக்கிட்டு உருவாக்கும் நிரல்) பற்றியது. நின்றுபோகிற நிரலைவிட, நிற்காமல் ஓடித் தப்பான எண்ணைத் தருகிற நிரலுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

கேள்வி: ‘ட்ராக் ஸ்டக்’ என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது. ஆனால் ரன் முழுசாக முடிந்துவிடுகிறது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். ஜியான்ட்4 துகளை அடி அடியாக (ஸ்டெப்) நகர்த்தும். துகள் ஒரே இடத்தில் பூஜ்ய நீள அடிகளாக எடுத்துவைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படி 10 அடி ஆனால் நேவிகேட்டர் (துகள் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் பகுதி) அதைக் கொஞ்சம் தள்ளிப் பார்க்கும், 25 ஆனால் துகளையோ மொத்த நிகழ்வையோ கைவிட்டுவிடும், அந்த ஆற்றல் உங்கள் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போகும். காரணம் பெரும்பாலும் வடிவமைப்பில்தான்: இரண்டு வால்யூம்கள் (நீங்கள் வரையறுத்த பொருள் துண்டுகள்) ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கும், இல்லாவிட்டால் உள்ளே வைத்தது அதைச் சுற்றியிருக்கும் தாய் வால்யூமைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

முதலில் அளவுகளைப் பாருங்கள். பெட்டிக்குக் கொடுக்க வேண்டியது பாதி நீளம். 10 செ.மீ. பெட்டி வேண்டுமென்று 10 என்றே கொடுத்தால் 20 செ.மீ. பெட்டி வந்து பக்கத்தில் இருப்பதை இடிக்கும். அப்புறம் ஒவ்வொரு பிளேஸ்மென்டிலும் (வால்யூமை இடத்தில் வைக்கும் வரி) ஓவர்லாப் சோதனையை ட்ரூ என்று வையுங்கள். அது மேற்பரப்பில் 1000 புள்ளிகளைத்தான் தோராயமாக எடுத்துப் பார்க்கிறது, அதனால் சின்ன மூலை ஓவர்லாப் தப்பிவிடும். சந்தேகம் இருந்தால் புள்ளிகளைக் கூட்டி மறுபடி ஓட்டுங்கள். இன்னொன்று, தட்டில் துளை போட சிலிண்டரைக் கழிக்கும்போது இரண்டின் முகமும் ஒரே தளத்தில் இருக்கக் கூடாது, சிலிண்டரைக் கொஞ்சம் நீளமாக வைத்து இருபக்கமும் வெளியே வரும்படி கழியுங்கள்.

கேள்வி: செக்மென்டேஷன் ஃபால்ட். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நிகழ்வில் வருகிறது.

உங்கள் ஸ்டெப்பிங் ஆக்‌ஷனில் (ஒவ்வொரு அடிக்கும் ஓடும் உங்கள் நிரல் பகுதி) அடியின் முடிவுப் புள்ளி எந்த வால்யூமில் இருக்கிறது என்று பார்த்து, உடனே அதன் பெயரைக் கேட்கிறீர்களா? துகள் வேர்ல்டை (எல்லாவற்றையும் அடக்கிய வெளி வால்யூம்) விட்டு வெளியேறும் அடியில் அந்த வால்யூமின் பாயின்டர் நல், அதாவது எதையும் காட்டாது. அதைச் சோதிக்காமல் தொட்டால் நிரல் விழும். ரேண்டம் எண்களின் தொடக்க எண்ணான சீட் மாறும்போது எந்தத் துகள் எப்போது வெளியேறும் என்பதும் மாறும், அதனால்தான் நிகழ்வு எண் மாறுகிறது. இது இல்லையென்றால் ஒரே த்ரெட்டில் (ஒரே நேரத்தில் இணையாக ஓடும் பகுதிகளில் ஒன்று) ஓட்டிப் பாருங்கள். அப்போது சரியாக ஓடினால், எல்லா த்ரெட்டும் சேர்ந்து எழுதுகிற குளோபல் அல்லது ஸ்டாட்டிக் மாறி எங்கோ இருக்கிறது, அதைத் தேடுங்கள்.

கேள்வி: கிளஸ்டரில் பல ஜாப் போட்டேன், எல்லா ஹிஸ்டோகிராமும் அச்சு அசலாக ஒன்றே.

சீட் மாற்றவில்லை. ஒவ்வொரு ஜாபுக்கும் வேறு சீட் கொடுத்து, அதை லாகிலும் எழுதிவையுங்கள்.

கேள்வி: 300 மைக்ரான் சிலிக்கான் சென்சாரில் படியும் ஆற்றல், கட் (புதுத் துகள் உருவாக்க வைக்கும் வரம்பு) மதிப்பை மாற்றினால் மாறுகிறது. எது சரி?

டிஃபால்ட் கட் 0.7 மி.மீ., உங்கள் சிலிக்கானே 0.3 மி.மீ.தான். கட் என்பது ஆற்றல் அல்ல, தூரம். அந்தப் பொருளில் அவ்வளவு தூரம் போக முடியாத டெல்டா எலக்ட்ரானை (துகள் மோதித் தட்டிவிடும் எலக்ட்ரான்) தனித் துகளாக உருவாக்காமல் அதன் ஆற்றலை ஜியான்ட்4 அங்கேயே படியவைத்துவிடும். நிஜத்தில் அவற்றில் சில சென்சாரை விட்டு வெளியே போயிருக்கும். சென்சாருக்கென்று தனி ரீஜன் (தனிக் கட் கொடுக்கக்கூடிய பகுதி) வைத்து அங்கே மட்டும் கட்டைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், விடை மாறுவது நின்ற இடத்தில் நிறுத்துங்கள். எல்லா இடத்திலும் குறைத்தால் ரன் நகராது.

கேள்வி: சின்டிலேட்டரில் (துகள் பட்டால் ஒளிரும் பொருள்) பிறந்த ஒளி ஃபோட்டான்கள் ஓரத்திலேயே சாகின்றன.

வெளியே இருக்கும் காற்றுக்கு ஒளிவிலகல் எண் கொடுத்தீர்களா? அந்த எண் இல்லாத பொருளின் எல்லையில் ஜியான்ட்4 ஃபோட்டானைக் கொன்றுவிடும்.

கேள்வி: ஜெனரேட்டர் நெகட்டிவ் எடை (கூட்டலில் ஒரு நிகழ்வை எவ்வளவாக எண்ணுவது என்ற எண்) உள்ள நிகழ்வுகளைத் தருகிறது. தூக்கிவிடலாமா?

கூடவே கூடாது. முதல் தோராயத்தோடு அடுத்த வரிசைத் திருத்தம் சேர்த்த கணக்குகளில் அவை இயல்பாக வருபவை, இரண்டு முறை எண்ணப்பட்டதைக் கழிப்பதற்காக இருக்கின்றன. தூக்கினால் குறுக்குவெட்டு (அந்த நிகழ்வு நடக்கும் வாய்ப்பின் அளவு) உயர்ந்துவிடும், ஹிஸ்டோகிராமின் வடிவமும் கெடும். பிழைப்பட்டைக்கு நிகழ்வு எண்ணிக்கையின் வர்க்கமூலம் செல்லாது, எடைகளின் வர்க்கங்களைக் கூட்டி அதற்கு வர்க்கமூலம் எடுங்கள். ரூட்டில் (தரவை அலசும் மென்பொருள்) ஹிஸ்டோகிராமை நிரப்புவதற்கு முன்பே சம்டபிள்யூ2 என்ற ஃபங்ஷனை அழைத்துவிட்டால் அது தானே பார்த்துக்கொள்ளும்.