ஐம்பது ரெசிஸ்டரை ஒரே தட்டில் மாற்றக் காசு கட்ட வேண்டுமா?

கேள்வி: எல்இடி டிரைவர் போர்டு செய்யும் சிறு பட்டறை நடத்துகிறோம். பிசிபி (சர்க்யூட் போர்டு) டிசைனுக்கு இலவச மென்பொருளான கீகேட்தான். போர்டில் எழுத்து அளவையோ ரெசிஸ்டர் ஃபுட்பிரிண்டையோ (உறுப்பு போர்டில் உட்காரும் இடத்தின் வடிவம்) மாற்ற ஒவ்வொன்றாகக் கிளிக் செய்கிறோம். ‘எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்ற ஆல்டியம் என்ற கட்டண மென்பொருள்தான் சரி, சந்தா எடுங்கள்’ என்கிறார் விற்பனையாளர். எடுக்கலாமா?

பதில்: இந்த ஒரு வேலைக்காக என்றால் வேண்டாம். அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஆல்டியத்தில் ஒரு பொருளின் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஃபைண்ட் சிமிலர் ஆப்ஜெக்ட்ஸ்’ போனால், எந்தப் பண்பு ஒத்திருக்க வேண்டும், எது மாறுபடலாம் என்று நீங்களே சொல்லலாம். பொருந்துவதெல்லாம் ஒன்றாகத் தேர்வாகும். ப்ராப்பர்டீஸ் பேனலில் ஒருமுறை மாற்றினால் போதும். நல்ல வசதிதான்.

கீகேட்டிலும் இந்த வேலை நடக்கும். ஆனால் வசதிகள் மூலைக்கு ஒன்றாகக் கிடப்பதால் பலர் பார்ப்பதே இல்லை. எழுத்து அளவுக்கு, பிசிபி எடிட்டரின் எடிட் மெனுவில் ‘எடிட் டெக்ஸ்ட் அண்ட் கிராஃபிக்ஸ் ப்ராப்பர்டீஸ்’. லேயர் வாரியாகவோ, ஆர் என்று தொடங்கும் உறுப்புகளுக்கு மட்டுமோ வடிகட்டி, உயரத்தை 1 மி.மீ. ஆக்கிவிடலாம். டிராக் (போர்டில் உள்ள செம்புக் கோடு) அகலத்துக்கு அதே மெனுவில் தனி வழி உண்டு. போர்டு செட்டப்பில் நெட் கிளாஸ் (ஒரே விதிகள் பொருந்தும் இணைப்புகளின் குழு) அகலத்தை மாற்றுவதால் மட்டுமே ஏற்கெனவே போட்ட டிராக்குகள் மாறிவிடாது. இந்த மெனுவில் போய் நெட் கிளாஸ் மதிப்பைப் பிடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். மாற்றியதும் டிஆர்சி என்ற விதிச் சோதனையை ஓட்டுங்கள். அகலம் கூடினால் இடைவெளி குறையுமல்லவா?

ஃபுட்பிரிண்ட் மாற்றத்தை போர்டில் செய்வதைவிட ஸ்கீமாட்டிக்கில் (சர்க்யூட் வரைபடத்தில்) செய்வது நல்லது. ஸ்கீமாட்டிக் எடிட்டரில் டூல்ஸ் மெனுவின் கீழ், எல்லா சிம்பல்களின் விவரங்களையும் அட்டவணையாகத் திருத்தும் வசதி இருக்கிறது. அங்கே 10கே ரெசிஸ்டர்களைக் குழுவாக்கி, 0805 அளவை ஒரே கட்டத்தில் 0603 ஆக்கலாம். பிறகு போர்டு எடிட்டரில் எஃப்8 அழுத்தினால், ஸ்கீமாட்டிக் மாற்றங்களை போர்டுக்குக் கொண்டுவரும் பெட்டி திறக்கும். அந்தப் பெட்டியில், ஸ்கீமாட்டிக்கில் சொன்னபடி ஃபுட்பிரிண்டை மாற்று என்ற டிக் விடுபட்டால் போர்டில் பழையதே நிற்கும். ‘கீகேட்டில் வேலை செய்யவில்லை’ என்ற புலம்பல்களில் பல இந்த டிக்கில் வந்து முடியும்.

பழைய பதிப்பு வைத்திருந்தால் முதலில் புதுப்பியுங்கள். பிசிபி எடிட்டரில் ப்ராப்பர்டீஸ் பேனல் 2023-ல் வந்த 7-ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கும் செலவில்லை.

ஆல்டியத்துக்குக் காசு கொடுக்க நியாயமான காரணம் வேறு: உங்கள் வாடிக்கையாளர் ஆல்டியம் கோப்பாகவே திருப்பிக் கேட்பது. கீகேட் அந்தக் கோப்பைத் திறக்கும், அந்த வடிவில் எழுதித் தராது. அப்படி ஒருவர் இருந்தால் சோதனைப் பதிப்பு கேட்டு வாங்குங்கள். விற்பனையாளரின் மாதிரி போர்டில் எல்லாம் அழகாகத்தான் நடக்கும். உங்கள் சொந்த போர்டை ஏற்றிச் செய்து பார்த்த பிறகு விலை பேசுங்கள்.

கேள்வி: ஈகிள் என்ற இன்னொரு பிசிபி மென்பொருளின் பழைய லைசென்ஸ் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். 2026 ஜூன் 7-க்குப் பிறகு ஈகிள் கிடையாது என்று அதன் உரிமையாளரான ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2023-லேயே அறிவித்துவிட்டது. பழைய ஈகிள் டிசைன்கள் கையில் இருப்பதுதான் காரணமென்றால், ஈகிள் 6-ஆம் பதிப்பிலோ அதற்குப் பிந்தையதிலோ சேமித்தவற்றை கீகேட்டே இறக்குமதி செய்யும்.