பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு விமான தூரம் எவ்வளவு? வழி ஏன் வட துருவம் பக்கம் போகிறது?

விமான தூரம் என்றால், உருண்டையான பூமியின் மேல் இரண்டு ஊர்களுக்கு நடுவே உள்ள மிகக் குறுகிய தூரம். இந்த இரண்டு ஊர்களுக்கும் அது சுமார் 14,000 கி.மீ. சுவரில் மாட்டிய வரைபடத்தில் பசிபிக் வழியாக நேர்கோடு போடத் தோன்றும். உண்மையில் அதுதான் சுற்றுவழி.

அல்சூர் மார்க்கெட்டில் ஒரு பூசணிக்காய் வாங்கி, எதிரெதிர்ப் பக்கத்தில், மேல்பாதியில் இரண்டு புள்ளி வைத்து நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் வயிற்றைச் சுற்றாது; காம்போரமாக ஏறி இறங்கும். காம்புதான் வட துருவம். இந்த இரண்டு ஊர்களும் ஏறக்குறைய அப்படித்தான் எதிரெதிரே இருக்கின்றன.

அப்புறம் நேரம். அதில் காற்றுக்கும் பங்கு உண்டு. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்று வீசும். அது முதுகில் தள்ளினால் நீளமான பசிபிக் வழியே லாபம். அதனால் தினமும் ஒரே பாதை கிடையாது.

2021 ஜனவரியில் பெண் விமானிகள் மட்டுமே ஓட்டிய ஏர் இந்தியா விமானம் துருவத்தைத் தாண்டி, சுமார் 17 மணி நேரத்தில் பெங்களூரு வந்தது. கிளம்பியது 9ஆம் தேதி, இறங்கியது 11ஆம் தேதி. டிக்கெட்டில் இப்படித் தேதியைப் பார்த்து இரண்டு நாள் பயணம் என்று பயப்பட வேண்டாம். நம் கடிகாரம் அங்கத்திய கடிகாரத்தைவிடப் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அவ்வளவுதான்.