குழந்தைகள் பகுதியில் மார்க் எங்கே போகிறது?

கேள்வி: தமிழ்நாட்டில் பிஎஸ்சி நர்சிங் முடித்துப் பெரியவர்கள் வார்டிலேயே வேலை பார்த்தவள் நான். இப்போது சிங்கப்பூர் ஈசூனில் தங்கி, இங்கே நர்ஸாகப் பதிவு பெறுவதற்கான எஸ்என்பி (சிங்கப்பூர் நர்சிங் வாரியம்) தேர்வுக்குப் படிக்கிறேன். மாதிரித் தேர்வுகளில் குழந்தைகள் பகுதிதான் காலை வாருகிறது. நோய்ப் பட்டியலை உருப்போட்டும் மனதில் நிற்கவில்லை. எதை முதலில் பிடிப்பது?

பதில்: பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். கேள்வியில் வயதும் எடையும் இருந்தால் முதலில் அவற்றுக்கு அடிக்கோடு போடுங்கள், சும்மா கொடுத்திருக்க மாட்டார்கள். நாடித்துடிப்பு 150 என்பது பிறந்த குழந்தைக்கு இயல்பு, அதுவே சும்மா படுத்திருக்கும் பத்து வயதுப் பையனுக்கு என்றால் உடனே எழுந்து போய்ப் பார்க்க வேண்டிய விஷயம்.

பெரியவர்கள் வார்டில் ஊறியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது பிபியில்தான். வயிற்றுப்போக்கில் நீர் வற்றிய குழந்தையின் உடல் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, இதயத்தை வேகமாக அடிக்க வைத்து, பிபியைக் கடைசிவரை தாங்கிப் பிடிக்கும், அதனால் பிபி நார்மல் என்று நிம்மதியடைந்தால் போச்சு, அது இறங்கும்போது நேரம் கடந்திருக்கும். துடிப்பு ஏறுவது, கைகால் சில்லிடுவது, விரலை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப 2 விநாடிக்கு மேல் ஆவது, டயாப்பர் நனையாமல் இருப்பது, இவைதான் முன்கூட்டியே சொல்பவை. டயாப்பரை எடை போட்டால் கூடியிருக்கும் ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லி சிறுநீர்; ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 1 மில்லிக்குக் கீழே போனால் கவலைப்படுங்கள். அப்புறம், மூச்சுக்குத் திணறிய குழந்தை ‘இப்போது அமைதியாகத் தூங்குகிறது’ என்று வரும் விடையை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் களைத்துப்போன குழந்தை.

கணக்கு வந்தால் பயம் வேண்டாம். 14 கிலோ குழந்தைக்கு மணிக்கு எவ்வளவு டிரிப்? முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 4 மில்லி, அடுத்த 10 கிலோவுக்கு 2, அதற்கு மேல் 1. ஆக 40 கூட்டல் 8, மொத்தம் 48 மில்லி. அதே குழந்தைக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 210 மில்லிகிராம். இங்கேதான் பாட்டிலைப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. முதலாவதில் 8.75 மில்லி, இரண்டாவதில் 4.2 மில்லி. பாட்டில் மாறினால் டோஸ் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும், மார்க் கிடக்கட்டும், வார்டில் அது விபரீதம்.

எச்சில் வடிய, முன்னால் குனிந்து உட்கார்ந்து, கடும் காய்ச்சலோடு வரும் குழந்தையின் தொண்டைக்குள் நாக்கை அழுத்தும் ஸ்பேட்டுலா விடுவதுபோல் ஒரு விடை நிச்சயம் இருக்கும். தொடவே தொடாதீர்கள். எபிகுளோட்டைட்டிஸ், அதாவது மூச்சுக்குழாயின் வாயில் இருக்கும் மூடி வீங்கிய நிலை, என்றால் மூச்சுப்பாதை அப்படியே அடைத்துவிடலாம். அம்மா மடியிலேயே உட்காரவிட்டு, அழ வைக்காமல், மூச்சுப்பாதையில் குழாய் போடத் தெரிந்தவரைக் கூப்பிடுவதுதான் சரி.

எந்த வயதில் குழந்தை என்ன செய்யும் என்ற வளர்ச்சிப் படிகளுக்கு ஓர் இரவு போதும், அதிலேயே மூழ்கிவிடாதீர்கள்.

தடுப்பூசியில் மட்டும் ஊர்ப்பாடத்தை நம்ப வேண்டாம். இந்திய அரசு அட்டவணையில் தட்டம்மை ஊசி 9 மாதத்தில் தொடங்கும், சிங்கப்பூரில் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்த ஊசி) முதல் ஊசி 12 மாதத்தில், இரண்டாவது 15 முதல் 18 மாதத்துக்குள். இங்கே தட்டம்மைக்கும் டிப்தீரியாவுக்கும் ஊசி போடுவது சட்டப்படி கட்டாயம். சிங்கப்பூர் அட்டவணையை இறக்கிப் போனில் வைத்துக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் போகும்போது பாருங்கள்.